பாக்கெட் கேமரா: மெகா பிக்ஸெலை விடுங்கள், சென்சாரைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போட்டோ எடுக்கத் தனியாக ஒரு கேமரா வாங்கலாமா? போனே போதுமா?" நியாயமான கேள்விதான். ஜப்பானில் உள்ள கேமரா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி, 2010ல் உலகம் முழுவதும் கடைகளுக்குச் சென்ற காம்பாக்ட் கேமராக்கள் 10 கோடிக்கும் மேல். 2023ல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மீதியைப் போன்கள் விழுங்கிவிட்டன.

இருந்தும் ஒரு சிறு கூட்டம் பாக்கெட் கேமராவை விடாமல் வைத்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் மட்டும் மூன்று பேர் இருக்கிறோம். அதில் நான் வைத்திருப்பது சோனி ஆர்.எக்ஸ். 100. 2012ல் வந்த முதல் மாடல். உடன் வேலை பார்ப்பவரிடம் 18 ஆயிரம் ரூபாய்க்கு, பயன்படுத்தியதாகவே வாங்கினேன். பேட்டரி, கார்டுடன் சேர்த்து எடை 240 கிராம். தடிமன் 36 மில்லிமீட்டர். பேன்ட் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம்.

பத்து வருடத்துக்கும் மேலான கேமராவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம்.

லென்ஸ் வழியாக வரும் ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லுக்கு சென்சார் என்று பெயர். விலை குறைந்த காம்பாக்ட் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இதன் அளவு சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். அதாவது 28 சதுர மில்லிமீட்டர். ஆர்.எக்ஸ். 100ல் 13.2க்கு 8.8. பெருக்கினால் 116 சதுர மில்லிமீட்டர். நான்கு மடங்கு! மழையில் சொம்பை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் மெகா பிக்ஸெல் என்பது அந்தப் பரப்பை எத்தனை கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே காட்டும். எவ்வளவு ஒளி சேரும் என்பதை அது சொல்லாது.

இந்த சென்சாரை "1 இன்ச்" என்று அழைக்கிறார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் குறுக்களவு 16 மில்லிமீட்டர்தான் வரும். பழைய டி.வி. கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயர் இது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது லென்ஸின் வாய். இதை எப்/1.8, எப்/4.9 என்று குறிப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் வாய் பெரியது. ஆர்.எக்ஸ். 100ல் ஜூம் செய்யாதபோது எப்/1.8. முழுக்க ஜூம் செய்தால் எப்/4.9. அப்போது உள்ளே வரும் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் ஜூம் பட்டனைத் தொடாமல் இரண்டு அடி முன்னால் நடந்து போக வேண்டும் என்று பழகியவர்கள் எல்லாரும் சொல்வது இதனால்தான்.

பெரியப்பாவின் தறி

இந்தக் கணக்கு எனக்கு உண்மையாகவே தேவைப்பட்டது 2023 ஐப்பசியில். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் பெரியப்பா நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பட்டு நெய்தவர். குழித்தறி. முழங்கால் வலியால் குழியில் இறங்கி உட்கார முடியவில்லை. தை பிறந்ததும் தறியைப் பிரித்துவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அடுத்த தலைமுறையில் நான் உட்பட யாருக்கும் நெய்யத் தெரியாது. பிரித்துவிட்டால் மரக்கட்டைகள்தான் மிஞ்சும். அதற்கு முன் தறி ஓடுவதைப் படமாக எடுத்துவிட வேண்டும்.

தறி அறையில் ஒரு ஜன்னல், ஒரு டியூப் லைட். அவ்வளவுதான் வெளிச்சம். முதலில் போனில் எடுத்துப் பார்த்தோம். இருட்டில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து அவற்றை ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத சுவருக்கு இது அருமையான வழி. நாடா குறுக்கே பாயும்போது என்ன ஆகும்? ஒரு படத்தில் இடது பக்கம், அடுத்ததில் வலது பக்கம். சேர்த்துப் பார்த்தால் நாடாவையே காணோம். விரல்கள் மெழுகில் செய்தவை மாதிரி இருந்தன.

நண்பர் ஒருவர் தன் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை எடுத்து வந்திருந்தார். படத்தின் தரத்தில் அதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தப் பெரிய லென்ஸைக் கண்டதும் பெரியப்பா எழுந்து போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். பனியனோடு நெய்கிற மனிதர் காணாமல் போய்விட்டார்.

மறுவாரம் நான் மட்டும் பாக்கெட் கேமராவுடன் போனேன். மேலே உள்ள வட்டத் திருகை "எஸ்" என்ற இடத்துக்குத் திருப்பி, ஷட்டர் வேகத்தை 1/125 நொடி என்று வைத்தேன். ஜூம் கிடையாது. ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டதும் அது 1600க்கு அருகில் நின்றது. (இதே வெளிச்சத்தில் முழுக்க ஜூம் செய்தால் 12 ஆயிரம் தேவைப்படும். சாதாரணப் படத்துக்கு இந்தக் கேமராவின் எல்லையே 6400தான்.) கைகள் தெளிவாக வந்தன. நாடா ஒரு மெல்லிய கோடாக ஓடியது. எனக்கு வேண்டியது அதுதான். ஓடுகிற தறி ஓடுகிற மாதிரி தெரிய வேண்டும் அல்லவா?

கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். அது பெரியம்மாவின் வேலை. இரண்டு பேரையும் மூன்றடி தூரத்தில் இருந்தே எடுத்தேன். இந்த வகைக் கேமராவின் ஷட்டர் சத்தம் காதில் விழுவதே அபூர்வம். அரை மணி நேரம் போயிருக்கும்.

"என்னடா, போட்டோ எடுக்கறேன்னு வந்த. எப்ப எடுக்கப்போற?" என்றார் பெரியப்பா.

"எடுத்துட்டேதான் இருக்கேன் பெரியப்பா."

குழிக்குள் மிதியை அழுத்தும் கால்களை எடுப்பதுதான் சிரமமாக இருந்தது. முதல் மாடலில் திரை மடங்காது. கேமராவைக் குழியின் தரையில் வைத்து, 10 நொடி டைமர் போட்டு, வெளியே வந்து காத்திருந்தேன். இருபது முறை எடுத்ததில் இரண்டு தேறின. அங்கே மட்டும் பிளாஷ் தேவைப்பட்டது. ஆர்வலர்கள் கையாளும் ஒரு தந்திரத்தைச் சொல்கிறேன். மேலே எழும்பும் பிளாஷை விரலால் மெதுவாகப் பின்னால் சாய்த்துப் பிடித்தால், ஒளி நேராக அடிக்காமல் மேலே போய் மோதித் திரும்பி வரும். முகத்தில் வெள்ளைத் திட்டு விழாது. வெள்ளையடித்த தாழ்வான கூரை இருந்தால் பலன் அதிகம். கல்யாண மண்டபத்தின் உயரமான கூரைக்கு இந்தக் குட்டி பிளாஷ் எட்டாது.

கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு

யு.எஸ்.பி. கேபிளில் இணைத்தால் கேமராவும் பென் டிரைவ் போல ஒரு டிரைவாகத் தெரியும். அதற்குள் டிசிம் என்ற போல்டரில் படங்கள் இருக்கும். கேமராவில் "ரா அண்டு ஜேபெக்" என்று தேர்ந்தெடுத்திருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பைல்கள் உருவாகும். ஒன்று வழக்கமான ஜேபெக். மற்றொன்று ஏ.ஆர்.டபிள்யூ. என்று முடியும் ரா பைல். இதன் அளவு சுமார் 20 எம்.பி. "திறக்கவில்லை, இடத்தை அடைக்கிறது" என்று புதியவர்கள் முதலில் அழிப்பது இதைத்தான். தயவு செய்து அழிக்காதீர்கள். ஜேபெக் என்பது கேமரா சமைத்துத் தரும் சாப்பாடு. ரா பைல் என்பது அரிசி, பருப்பு. சமையல் உங்கள் கையில்.

ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்த அறையில் அரக்குச் சேலையின் நிறம் ஜேபெக்கில் மாறியிருந்தது. பெரியம்மா மானிட்டரைப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். "இது அரக்கு இல்லப்பா. குங்குமக் கலராட்டம் இருக்கு." ரா பைலை ராதெரபி என்ற இலவச சாப்ட்வேரில் திறந்தேன். (டார்க்டேபிள் என்று இன்னொன்றும் உண்டு. அதுவும் இலவசம், கற்றுக்கொள்ள நாளாகும்.) ஒயிட் பேலன்ஸ் என்ற பகுதியில் உள்ள சொட்டுக்குழாய்ப் படத்தைத் தேர்ந்தெடுத்து, படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஓர் இடத்தில் கிளிக் செய்ய வேண்டும். நான் பெரியப்பாவின் பனியனில் கிளிக் செய்தேன். மொத்த நிறமும் நகர்ந்தது. பெரியம்மா மீந்த பட்டு நூலைக் கொண்டு வந்து திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இருட்டாக்கச் சொன்னார். அதன் பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

மொத்தம் சுமார் 400 படங்கள். இரண்டு வகைப் பைலும் சேர்ந்து 10 ஜி.பி.க்கு மேல் வந்தன. கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை பார்மட் செய்தேன். பிரித்த தறியைத் திரும்ப மாட்டி எடுக்க முடியாது. இந்தக் கேமராவின் படம் 5472க்கு 3648 பிக்ஸெல். இன்ச்சுக்கு 300 பிக்ஸெல் என்று பிரிண்ட் போட்டால் 18க்கு 12 இன்ச் தாராளமாக வரும். அந்த அளவில் மூன்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

நீங்களும் இதே வரிசையில் வாங்க நினைத்தால் மாடல்களைக் கவனியுங்கள். 2013ல் வந்த இரண்டாம் மாடலில் திரை மடங்கும். 2014ன் மூன்றாம் மாடலில் ஜூம் குறைவு. ஆனால் முழுக்க ஜூம் செய்தாலும் எப்/2.8 கிடைக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டரும் மேலே எழும்பும். வெயிலில் திரை சரியாகத் தெரியாதபோது இதன் அருமை புரியும். 2018ன் ஆறாம் மாடலில் ஜூம் நீண்டது. லென்ஸின் வாய் எப்/2.8ல்தான் தொடங்குகிறது. வீட்டுக்குள் மனிதர்களை எடுப்பவர்களுக்கு மூன்றாம் மாடல்தான் சரி என்பேன். வெளியூர் சுற்றுபவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். 1 இன்ச் சென்சார் வைத்த போன்களும் வந்திருக்கின்றன. அவை கையில் இருந்தால் தனிக் கேமராவுக்குச் செலவழிக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

பயன்படுத்திய கேமராவை வாங்கும்போது ஒரு சோதனை. லென்ஸ் நீண்டு சுருங்கும் கேமராக்கள் எல்லாமே தூசியை உள்ளே இழுக்கக்கூடியவை. "ஏ" என்ற இடத்தில் வைத்து எப்/11 தேர்ந்தெடுத்து, மேகமில்லாத வானத்தை ஒரு படம் எடுங்கள். அதைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி இருக்கிறது. உடலைப் பிரித்துத்தான் துடைக்க முடியும். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.