வெயிலை வெல்லும் உயிரிழை

கொடியிலே காயவிட்ட சிவப்புச் சேலை சில மாதங்களில் வெளிறிப்போவதைக் காணாத இல்லத்தரசி இல்லை. சாயத்தின் மூலக்கூறுகள் ஒளியை விழுங்கிச் சிதைவதே இதற்குக் காரணமாகும். அதே வெயிலில் உழவனும் மீனவனும் நாள் முழுதும் நின்று உழைக்கின்றனர். அவர்தம் தோலின் உயிருள்ள கலங்களுள்ளே டீ.என்.ஏ. என்னும் மெல்லிய இழை இருக்கின்றது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் பரம்பரைச் செய்தியை ஏந்தி நிற்பது அதுவே. சேலை வெளிற, அவ்விழை மட்டும் அழியாதிருப்பது எங்ஙனம்?

டீ.என்.ஏ.யிலே செய்தியை எழுதும் எழுத்துகள் நான்கு: அடெனின், குவனின், சைற்றோசின், தைமின் என்னும் மூலங்கள். ஆர்.என்.ஏ.யில் தைமினுக்குப் பதிலாக யுராசில் அமையும். இவையாவும் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர்களை, சிறப்பாக 260 நனோமீற்றர் அலைநீளத்தை அண்டியவற்றை, வெகுவாக உறிஞ்சுகின்றன. அத்தகைய ஓர் ஒளித்துணிக்கையின் சத்தி, இரு காபன் அணுக்களுக்கிடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பை அறுக்கத் தேவையான சத்தியிலும் அதிகமாகும். அச்சத்தி மூலத்தினுள்ளே தங்கிவிடின் ஆபத்தன்றோ?

பெருமழையிற் குளக்கட்டு உடையாதிருத்தற்பொருட்டு மிகுநீர் வழிந்தோட வான் அமைத்தனர் நம் முன்னோர். இம்மூலங்களிலும் அத்தகைய ஒரு வான் உண்டு. கதிரை விழுங்கியதும் இலத்திரன்கள் உயர்ந்த நிலைக்குத் தாவுகின்றன. உடனே மூலத்தின் தட்டையான வளையம் சற்றே முறுகி வளைகின்றது. அவ்வளைவில் உயர்நிலையும் தாழ்நிலையும் ஒன்றையொன்று தொடும் ஓர் இடம் வாய்க்கின்றது. அவ்வழியே மூலம் தன் பழைய நிலைக்கு இறங்கிவிடுகின்றது. விழுங்கிய சத்தி அணுக்களின் அதிர்வாக மாறி, சூழவுள்ள நீருக்கு வெப்பமாகக் கைமாறுகின்றது. மீண்டும் ஒளியாக வெளிவருவது பதினாயிரத்தில் ஒரு பங்களவே.

இந்நிகழ்ச்சியின் வேகமே பெருவியப்பு. ஒரு செக்கனை இலட்சங் கோடி கூறாக்கினால் ஒரு கூறு பைக்கோசெக்கன் எனப்படும். அந்நேரத்தில் ஒளியே ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்குகூடச் செல்லாது. மூலங்களோ அதற்குள்ளேயே இறங்கிவிடுகின்றன! இத்துணை நுண்ணிய காலத்தை அளக்க வழிகாட்டிய எகிப்திய அறிஞர் அகமது செவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேண் கோலர் குழுவினர் இம்மூலங்களின் வேகத்தை நேரே அளந்து காட்டினர்.

அடெனினில் உள்ள அமினோக் கூட்டத்தை வளையத்தின் வேறோர் இடத்துக்கு மாற்றினால் 2-அமினோபியூரின் கிடைக்கும். அணுக்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆயினும் அது விழுங்கிய சத்தியைப் பல்லாயிரம் மடங்கு நீண்ட நேரம் வைத்திருந்து ஒளிர்கின்றது. ஓசோன் படலம் இல்லாத பண்டைய பூமியிலே கடுங்கதிரைத் தாங்கக்கூடிய மூலங்களே நிலைத்திருக்கலாமென அறிஞர் பலர் கருதுவது இதனாலேயே.

எனினும், எவ்வளவு சிறந்த வானுள்ள கட்டிலும் சிலவேளை கசிவு ஏற்படுவதுண்டு. அடுத்தடுத்திருக்கும் இரு தைமின்கள் கதிர்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. உறைந்த தைமின் கரைசலில் இத்தகைய இணைவை 1960இல் ஒல்லாந்து ஆய்வாளர் இருவர் கண்டனர். அவ்வாறு ஒட்டிய இடத்திலே செய்தி பிழையாகப் படிக்கப்படலாம். பிழைகள் பெருகின் தோற்புற்று தோன்றலாம். ஆதலால் நமது கலங்கள் பழுதான துண்டை வெட்டியெடுத்து, எதிரிழையைப் பார்த்துப் புதுத்துண்டு நிரப்புகின்றன.

இத்திருத்தும் ஆற்றலைப் பிறவியிலேயே இழந்த குழந்தைகளும் உளர். வெயில்பட்டால் அவர்தம் தோல் பழுதுற்று, இளமையிலேயே புற்றுநோய் தோன்றும். அந்நோயாளரின் கலங்களிலே திருத்தம் குன்றியிருப்பதை 1968இல் கலிபோர்ணியாவிற் பணிபுரிந்த ஜேம்ஸ் கிளீவர் நிறுவினார். அக்குழந்தைகளின் பெற்றோர் கதவு யன்னல்களுக்கெல்லாம் திரையிட்டுக் காத்திருக்கும் நிலையை எண்ணுகையில், நாம் எண்ணாமலே பெற்றிருக்கும் பேறு விளங்கும்.

ஓசோன் தடுக்கிறது; மூலங்கள் வெப்பமாக்கி விடுகின்றன; எஞ்சிய பழுதைக் கலம் திருத்துகிறது. மூன்று காவல்கள் இருந்தும் மூன்றும் முற்றானவையல்ல. உச்சிப்பொழுதில் முற்றத்தில் விளையாடும் பிள்ளையை, “நிழலுக்கு வா” என்று அழைக்கும் தாயே நான்காவது காவல்.