பையனுக்கு வயது 17; காகிதத்தில் 19

சிறுவர்கள் கத்தி எடுத்தார்கள் என்று செய்தி வந்தால் போதும், சட்டத்தைக் கடுமையாக்கு என்ற கூச்சல் கிளம்பிவிடுகிறது. கடுமையாக்கியாயிற்று. டெல்லியில் 2012இல் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வந்த 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 16 வயது நிறைந்தவன் கொடுங்குற்றம் செய்தால் மதிப்பீடு செய்து, பெரியவர்களைப் போலவே விசாரிக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் 2022இல் நாடு முழுவதும் சிறார் மீது பதிவானவை 30,555 வழக்குகள். மொத்தக் குற்றங்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய் தகப்பனோடு வாழ்கிற பிள்ளைகள். அவர்களைத் திருத்தச் சட்டத்தில் இடம் நிறையவே இருக்கிறது. கோட்டை விடுவது பிடிபட்ட முதல் 24 மணி நேரத்தில்.

அந்த நேரத்துக்குள் சிறுவனை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. "இன்றைக்குக் குழுமம் உட்காரவில்லை" என்பது வெறும் சாக்கு. குழுமம் கூடாத நாளில் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 107ஆம் பிரிவு. ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் அவர் யார் என்று கேளுங்கள். "இரண்டு நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்" என்று பெற்றவர்களே விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை வயது. ரிமாண்ட் காகிதத்தில் 17ஐ 19 என்று எழுதிவிட்டால் பையன் பெரியவர்களுக்கான சிறைக்குப் போய்விடுவான். அப்போது பெற்றோர் ஆதார் அட்டையையோ டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். 94ஆம் பிரிவு கேட்பது வேறு: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அவை இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. டி.சி. இந்தப் பட்டியலில் சேராது என்று தமிழகத்திலிருந்து போன வழக்கொன்றிலேயே 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தலைமையாசிரியரிடம் பிறந்த தேதிச் சான்றிதழ் என்றே எழுதிக் கேட்டு, முத்திரையோடு வாங்குங்கள். பையனை ஏற்கெனவே வேறு நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டார்களா? அங்கேயே வயதைச் சொல்லுங்கள். தீர்ப்பு வந்த பிறகும் இந்தக் கோரிக்கையை எழுப்பலாம். 9ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. டி.சி. போதாது, மறக்காதீர்கள்.

"இப்படிச் சலுகை கொடுத்தால் குற்றம் பெருகாதா?" என்பார்கள். செல்போன் திருடிய பையனைப் பழைய குற்றவாளிகளோடு அடைத்தால் அவன் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருவான்? 12ஆம் பிரிவின்படி ஜாமீன் தருவதே விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதிக்கே பங்கம் என்ற மூன்று காரணங்களால் மட்டுமே மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். குழுமத்தின் கையில் இருக்க வேண்டியது நன்னடத்தை அலுவலரின் சமூகப் புலனாய்வு அறிக்கை. பள்ளியை ஏன் விட்டான், யாரோடு திரிகிறான், வீட்டில் குடி உண்டா என்பதெல்லாம் அதில்தான் வரும். இதைச் சடங்காக எழுதித் தள்ளுகிற அதிகாரிகள், அடுத்த குற்றத்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். விசாரணை முடியும்வரை சிறுவர்களைத் தங்கவைக்கக் கூர்நோக்கு இல்லம் இருக்கிறதே என்றும் நிம்மதி கொள்ள முடியாது. செங்கல்பட்டு இல்லத்தில் 2022 டிசம்பரில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான், பணியாளர்களே கைதானார்கள். அதன் பிறகுதான் தமிழக அரசு, இந்த இல்லங்களைச் சீர்படுத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது.

வக்கீலுக்குக் காசில்லை என்று புரோக்கரிடம் போகாதீர்கள். குழந்தை என்றால் வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். தொலைபேசி எண் 15100. இன்னொன்று: பிடிபட்ட பையனின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப்பில் பரப்புவது 74ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் தெருப் பையன் யாராவது பிடிபட்டால், முதலில் அவன் வீட்டாருக்கு அந்த 15100 எண்ணைக் கொடுங்கள்.