கரைந்த தாடை எலும்பு மீண்டும் வளருமா?

விபத்தில் நொறுங்கிய தாடையோடும் ஈறு நோயால் கரைந்த எலும்போடும் திருக்கோவிலூர்ப் பகுதியிலிருந்து வருவோர் எங்களிடம் முதலில் கேட்பது, “போன எலும்பு திரும்பி வருமா?” என்பதே. பலருக்கு வரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தாது.

இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்துத் தாடையில் வைப்பது நெடுங்காலமாக நம்பிக்கைக்குரிய முறை. அதில் உடலில் இரண்டாவதாக ஒரு புண்ணும் வலியும் உண்டு. 1965-இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், எலும்பிலேயே எலும்பை வளரத் தூண்டும் பொருள் இருப்பதைக் கண்டறிந்தார். அத்தகைய புரதம் ஒன்று இன்று ஆய்வகத்தில் தயாரிக்கப்படுகிறது. அதைக் கொலாஜன் பஞ்சில் நனைத்துக் குறையுள்ள இடத்தில் வைப்பார்கள். தாடையில் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 2007-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. பிளவுபட்ட மேல்தாடைக்கு இதைப் பயன்படுத்திய அனுபவத்தைச் சென்னை மருத்துவர் எஸ்.எம். பாலாஜி 2009-இல் ஆய்விதழில் வெளியிட்டார்.

நம் வயலை எண்ணிப் பாருங்கள். எலும்பாக மாறும் உயிரணுக்கள் நாற்று, பஞ்சு வயல், புரதம் எரு, இரத்த ஓட்டம் நீர். எரு மட்டும் இட்டால் பயிர் விளையாது.

எலும்பு மச்சையிலிருந்து உயிரணுக்களைப் பிரித்துத் தாடையில் செலுத்தும் முறை இன்னும் பெரிதும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. பெருந்தொகை கேட்டு உறுதி கூறுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நோயாளியின் இரத்தத்தையே சுழற்றிப் பெறும் ஃபைப்ரின் படலம் எளியது. புண் ஆற உதவும். ஆயினும் பெரிய எலும்பிழப்பை அது தனியே ஈடுசெய்யாது.

புற்றுநோய் உள்ளவர்களுக்கும், புற்றுக்கட்டி அகற்றிய இடத்திலும், கர்ப்பிணிகளுக்கும் இப்புரதம் ஏற்றதன்று. கட்டியோடு தாடையின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்குக் காலின் மெல்லிய எலும்பை இரத்தக் குழாய்களோடு எடுத்துப் பொருத்தும் முறை உள்ளது. புரதம் வைத்த பின் முகம் சில நாள் நன்றாக வீங்கலாம். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நீரிழிவு உள்ளதா, எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்ததுண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலையையும் வெற்றிலைப் பாக்கையும் நிறுத்த நோயாளிக்குத் துணை நில்லுங்கள். புதிய எலும்பு உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும். அக்காலம் முழுவதும் அதைக் காக்கும் பொறுப்பில் உங்களுக்கும் பங்குண்டு.