வாடகை வீட்டில் ஒரு முதலமைச்சர்!

வானகரம் குட்டீஸ், தீபாவளிக்குத் துணி எடுக்க கோயம்பேடு வழியாக பஸ் ஏறி தி.நகர் போவீர்கள் அல்லவா? பாண்டி பஜாரில் பெரியவர்கள் புடவை பார்த்து முடிப்பதற்குள் (லேசில் முடியுமா?) ஒருவரைக் கூட்டிக்கொண்டு திருமலைப் பிள்ளை சாலைக்குப் போய் வந்துவிடலாம். காமராஜர் நினைவு இல்லம் அங்கேதான் இருக்கிறது.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் காமராஜர். சிறு வயதில் அப்பாவை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பள்ளிகளில் மதிய உணவு போட்டதும் அவர் ஆட்சியில்தான். அப்படிப்பட்டவருக்குச் சென்னையில் சொந்த வீடே கிடையாது. இது வாடகை வீடு! திருமணமும் செய்துகொள்ளவில்லை.

1963 அக்டோபர் 2 அன்று, கட்சி வேலைக்காக முதல்வர் பதவியை விட்டார். சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 1975இல் அதே அக்டோபர் 2 அன்று, இந்த வீட்டில்தான் உயிர் பிரிந்தது. அன்று காந்தி ஜெயந்தி!

இப்போது ஒரு கேள்வி. குடியிருந்தவர் போய்விட்டால் வாடகை வீடு என்ன ஆகும்? வேறு ஒருவர் குடிவருவார். சுவருக்குப் புது வண்ணம் அடிப்பார்கள். பழைய சாமான்கள் காயலான் கடைக்குப் போகும். தி.நகரில் எத்தனையோ பழைய வீடுகள் இடிபட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. இந்த வீடு மட்டும் தப்பியது எப்படி? அரசு இதை நினைவு இல்லமாக்கி விட்டது. அவர் பயன்படுத்திய பொருட்கள், புத்தகங்கள், புகைப்படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன.

கிண்டியிலும் அவருக்கு நினைவிடம் உண்டு. அது பிறகு கட்டியது. இதுவோ, அவர் நடந்த தரை! இதைக் காப்பதுதான் கஷ்டம். சென்னையின் ஈரக்காற்று காகிதத்தைப் பூசணம் பிடிக்க வைக்கும். கரையான் புத்தகத்தைத் தின்னும். வெயில் பட்டால் புகைப்படம் வெளுக்கும். நம் விரலில் உள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடப் பொருளைக் கெடுக்கும். 'தொடாதீர்கள்' என்று எழுதி வைப்பது உங்களை மிரட்ட அல்ல! நீங்கள் ஒருமுறைதான் தொடுவீர்கள். ஆனால், வருகிற ஆயிரம் பேரும் ஒருமுறை தொட்டால்?

போகும் முன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக் கொள்ளுங்கள். விருதுநகரில் காமராஜரின் அம்மா சிவகாமி அம்மாள் வாழ்ந்த வீடும் நினைவு இல்லம்தான். கோடை விடுமுறையில் தெற்கே ரயில் ஏறுகிறவர்கள் வழியில் இறங்கி, அதையும் பார்த்துவிட்டு வரலாம்!