மாதாமாதம் வரும் மார்பக வலி புற்றுநோயின் அறிகுறியா?

மாதவிடாய்க்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே இரண்டு மார்பகங்களும் கனத்து, அக்குள் வரை வலித்து, உதிரப்போக்கு தொடங்கியதும் தணிந்துவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தால் வருவது. ஆனாலும் காஞ்சிபுரத்தில் அச்சம் எழக் காரணம் உண்டு. புற்றுநோயால் 1969இல் மறைந்த முதலமைச்சர் அண்ணாவின் ஊர் இது. அவர் பெயரிலான புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. மார்பில் வலி என்றதும் இவ்வூர்ப் பெண்ணின் மனம் அங்கே போய் நிற்பது இயல்புதான். அந்த அச்சம் வலியின்மேல் விழுவதுதான் தவறு. இங்கிலாந்தில் மார்பகப் பரிசோதனை மையத்துக்கு வந்த 10,830 பெண்களிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. வலி மட்டுமே என்று வந்தவர்களில் ஆயிரத்துக்கு நான்கு பேரிடமே புற்று இருந்தது. மற்றத் தொந்தரவுகளோடு வந்தவர்களிடம் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து.

பிரான்சில் 1992இலும் 2006இலும் வந்த ஆய்வுகள் மாதாமாதம் வலி உள்ளவர்களுக்குப் புற்று அபாயம் கூடுதல் என்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் ஆய்வு, நோய் வந்தவர்களிடம் பழைய வலியைப் பற்றிக் கேட்டது. நோயுற்றவர் கடந்தகால வலியைத் துருவித் தேடி நினைவுகூர்வது மனித இயல்பு. அடுத்தது, ஏற்கெனவே மார்பகத்தில் சாதாரணக் கோளாறு இருந்த ஒரு சிறு குழுவைப் பின்தொடர்ந்தது. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வோ நேர்மாறாக, வலி இருந்தவர்களிடம் புற்று குறைவாகவே கண்டது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வலி, புற்று இரண்டிலும் பங்கு வகிப்பதால் மெல்லிய தொடர்பு இருக்கக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரும் ஆண்டுகளில் அபாயம் சற்றுக் கூடுவது வேறு, இன்று வலிக்கிற இடத்தில் புற்று இருப்பது வேறு.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் நாளெல்லாம் தறியில் கை வீசுகிற, தார் சுற்றுகிற பெண்ணுக்கு நெஞ்சுத் தசையும் விலாக் குருத்தெலும்பும் நோவதுகூட மார்பக வலியாகத் தோன்றலாம். அது மாதவிடாய்க் கணக்குக்குள் வராது. விலாவை அழுத்தினால் அந்த இடமே வலிக்கும். இரண்டு மூன்று மாதம் வலி வரும் நாளையும் மாதவிடாய் நாளையும் காலண்டரில் குறித்துவைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். என்னை வருத்துவது வேறொன்று. மார்பகப் புற்று பெரும்பாலும் வலிக்காத கட்டியாகத்தான் தொடங்குகிறது. ‘வலிக்கவில்லையே’ என்று அதைத் தள்ளிப்போட்டால் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விடும். மும்பையில் டாடா நினைவு மையம் 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதைக் கடந்தவர்களிடம் மார்பகப் புற்று மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே கட்டி, தோலில் குழி, காம்பில் ரத்தக் கசிவு, ஒரே இடத்தில் விடாத வலி, மாதவிடாய் நின்றபின் புதிதாக வரும் வலி, இவற்றில் எது தென்பட்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.