சாரலில் மயங்கி மனை வாங்காதீர்கள்... உஷார்!

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால், தென்காசியைச் சுற்றி மனை வியாபாரமும் சூடு பிடித்துவிடும். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு காரில் ஏறுகிறவர்களுக்கு, மேற்கே மலைமேல் மேகம் இறங்கி நிற்பதைப் பார்த்ததும் மனசு இளகிவிடுகிறது. ‘ரிட்டயர் ஆனதும் இங்கேயே வந்துவிட்டால் என்ன?’ என்று ஒரு யோசனை. அந்த நேரம் பார்த்து ரோட்டோரத்தில் ஒரு ஷாமியானா தெரியும். நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வயலுக்குள் புதிதாகக் கொட்டிய செம்மண் பாதை, இரண்டு பக்கமும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல். “அண்ணாச்சி, வடகிழக்கு மூலையில இது ஒண்ணுதான் பாக்கி. சாயங்காலம் மதுரைப் பார்ட்டி வாராங்க” என்பார் புரோக்கர்.

தயவுசெய்து அந்தச் சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

என் சித்தப்பா மகன் கொடுத்தான். 2023 ஆடி மாதம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு சீசனுக்கு வந்தவன், ஒரு குளத்தங்கரைக்குப் பக்கத்தில் ஐந்து சென்டைப் பார்த்தான். சுற்றிலும் பச்சை. கிணற்றில் கையெட்டும் தூரத்தில் தண்ணீர். சிலுசிலுவென்று காற்று. “ஆடியில பத்திரம் போட வேண்டாம்னு நினைச்சா இப்ப டோக்கன் மட்டும் கொடுங்க, ஆவணியில முடிச்சுக்கலாம்” என்றார்கள். இருபது ரூபாய் பத்திரத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் எனக்குப் போன் செய்தான். “அண்ணே, இன்னைக்கு விட்டா கிடைக்காதுன்னாங்க...”

இந்த ஊர்க்காரனாகச் சொல்கிறேன், சாரல் காலத்தில் இங்கே எந்த நிலமும் அழகாகத்தான் இருக்கும். கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் மழை குறைவு. ஆனால் அந்த இரண்டு மாதம் அங்கேயும் குளிர்ந்த காற்று வீசும், வானம் மூடியிருக்கும். வெளியூர்க்காரருக்கு வித்தியாசமே தெரியாது. பங்குனி, சித்திரையில் அதே இடத்துக்கு வந்து பாருங்கள். பக்கத்து வீட்டு போரில் மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடி நிற்கிறது, தெருக்குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது, லாரித் தண்ணீருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆடியில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதே இல்லை.

அடுத்தது மழை. அந்த வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருநெல்வேலி, தூத்துக்குடி அளவுக்கு இல்லையென்றாலும் தென்காசியிலும் கொட்டித் தீர்த்தது. பொங்கலுக்கு வந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்த ஐந்து சென்டுக்குப் போனேன். தரை காய்ந்திருந்தது. ஆனால் வேலிக் கம்பியில் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த ஆகாயத்தாமரை நார் நாராகத் தொங்கியது. மஞ்சள் கல்லில் நத்தைக் கூடு ஒட்டியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, “இது குளம் மறுகால் பாயுத தடம்லா, இதுலயா வீடு கட்டப் போறீய?” என்று கேட்டார்.

மறுகால் என்றால் குளம் நிரம்பிய பிறகு உபரித் தண்ணீர் வழிந்து அடுத்த குளத்துக்கு ஓடும் வழி. இங்கே குளங்கள் சங்கிலி போல ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கொடுக்கிறவை. நாலைந்து வருஷம் மழை குறைந்தால் அந்தத் தடம் மேடாகி, சாதாரண தரிசு போலத் தெரியும். கல் ஊன்றுகிறவர்களுக்கு அந்த நாலைந்து வருஷம் போதும். தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடமும் ‘அ’ பதிவேடும் இருக்கின்றன. சர்வே எண்ணுக்கு ‘எஃப்எம்பி’ என்கிற புலப்படமும் கிடைக்கும். மனைக்கு நாலு பக்கமும் எந்த சர்வே எண், அது ஓடையா, வாய்க்காலா, நத்தமா என்று அதில் பார்த்துவிடலாம். அதைவிட முக்கியம், அந்தக் குளத்துக்கு மடை திறக்கிறவர் யார் என்று விசாரித்து அவரிடம் ஒரு டீ குடித்துவிட்டுப் பேசுவது.

விலை ஏறப்போகிறது என்ற பேச்சு இன்னொரு கண்ணி. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டம் ஆகப்போகிறது, கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது என்ற பேச்சுக்கே மனை விலை ஏறும். வரப்போகிற கட்டடத்துக்கு ‘இதோ இந்தப் பக்கம்தான்’ என்று ஒவ்வொரு புரோக்கரும் ஒவ்வொரு திசையைக் காட்டுவார். சின்ன ஊரில் ஒரு அறிவிப்புக்கும் அது தரையில் எழும்புவதற்கும் நடுவே எத்தனை வருஷம் ஓடும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மதுரை எய்ம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்றார்கள். தோப்பூரில் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. கட்டுமானம் தொடங்கியதோ 2024-ல். அடிக்கல் நாட்டிய வாரம் கடன் வாங்கிப் பக்கத்தில் மனை போட்டவர், ஐந்து வருஷம் வெறும் கல்லுக்கு வட்டி கட்டியிருப்பார். திட்டம் வரலாம், வரவும் செய்யும். அதுவரை உங்கள் கையில் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சாலை வருகிறது என்றால் இரட்டை உஷார். ரோட்டுக்குப் பக்கம் என்று நினைத்து வாங்கிய இடமே ரோடாகிவிடலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பதானால், 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி 3ஏ அறிவிப்பில் சர்வே எண்கள் வெளிவரும். 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுக்குச் சொந்தம். புரோக்கர் சொல்வதை நம்பாமல், நிலமெடுப்புப் பிரிவில் உங்கள் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

தம்பி கதை இன்னும் முடியவில்லை. ஆவணியில் பத்திரம் ஏன் முடியவில்லை தெரியுமா? எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் பேப்பர்களைப் பார்த்தார். வில்லங்கச் சான்று சுத்தம். பட்டா விற்கிறவர் பெயரில். “மூலப்பத்திரம் யார் பேரில்?” என்று கேட்டார். காலமான அப்பா பெயரில். “வாரிசுச் சான்று?” அதில் அம்மா, இவர், இரண்டு அக்கா. அக்காமார் இருவரும் மும்பையில். கையெழுத்து இல்லை. “அவங்களுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு” என்று விற்கிறவர் சத்தம் போட்டார்.

செய்த நகையும் சீரும் சட்டத்தின் முன் விடுதலைப் பத்திரம் ஆகாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்து, உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்பால் பங்கு என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. பத்து வருஷம் கழித்து அந்த அக்கா பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் கோர்ட் படி ஏறுகிறவர் நீங்கள்தான். சின்ன ஊர் வீடுகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இங்கே வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்திருப்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம் மட்டுமே தெரியும். மும்பையில் இருக்கும் அக்கா தெரிய மாட்டார். பட்டாவும் வருவாய்த்துறைக் கணக்குதான். அது ஒன்றை மட்டும் வைத்துச் சொத்துரிமையை நிலைநாட்ட முடியாது. குறைந்தது முப்பது வருஷத்து வில்லங்கம், அசல் மூலப்பத்திரம், வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்து. அசலைக் கண்ணில் காட்டாமல் ஜெராக்ஸை நீட்டினால், அது எங்கேயோ அடமானத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

இதையெல்லாம் பார்த்து முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். ‘ஆவணி முதல் முகூர்த்தத்தில் முடிக்கணும்’ என்று அவசரப்படுத்துகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் கொடுத்தும் கூட்டம் தாங்காது. அந்த நெரிசலில் உங்கள் பத்திரத்தின் எல்லை அளவைப் படித்துப் பார்க்க யாருக்கு நேரம்? ஒரு ஆடி, ஆவணி போனால் தையில் முகூர்த்தம் இல்லையா?

அட்வான்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வெற்றுத்தாளில் கொடுக்காதீர்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். தம்பியின் இருபது ரூபாய்த் தாள் பதிவாகவில்லை. ‘நீங்கதானே வேண்டாங்கிறீங்க’ என்று அந்த இரண்டு லட்சத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை.

லேஅவுட் மனையா? ‘அப்ரூவலுக்குப் போட்டாச்சு’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, தவணை முறையில் சிறுகச் சிறுகக் கட்டியவர்கள் தெருவில் நின்றதைப் பார்த்தோம். அந்த அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்குத்தான் வரன்முறை வந்தது. இப்போது ‘டிடிசிபி’ எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். ரெரா எண் இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. மலையடிவாரத்தில் என்றால், அந்தக் கிராமம் ‘ஹாகா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 27 லட்சம் கொடுக்கும். மீதி மூன்று லட்சம் உங்கள் கைக்காசு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2,70,000 ரூபாய். இதற்குக் கடன் கிடைக்காது. (10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.) எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதம் சுமார் 23,400 ரூபாய் தவணை. வட்டி மட்டுமே 29 லட்சம் ஆகிவிடும். எங்கள் தெருவில் அதே மாதிரி வீடு எட்டாயிரம் ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. சென்னையில் வீட்டை விற்க நினைத்தால் மூன்று மாதத்தில் ஆள் வரும். இங்கே வாங்குகிற ஆள் குறைவு, நல்ல விலைக்கு வருஷக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். பிள்ளை கல்லூரிக்கு வெளியூர் போய்விட்டால், வேலை மாற்றலானால், பெற்றோருக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் என்ன செய்வது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் வாங்கும் நேரம் வந்ததாக நான் ஒத்துக்கொள்வேன். ஏழெட்டு வருஷமாவது இந்த ஊரில் இருப்போம் என்ற உறுதி இல்லாதவர்கள் வாடகைக்கே இருங்கள்.

தம்பி போன வருஷம் ரிட்டயர் ஆனான். சொன்ன பேச்சைக் கேட்டு, தென்காசியில் வாடகை வீடு பிடித்துக் குடிவந்துவிட்டான். சித்திரையில் குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் நின்று பார்த்துவிட்டான். எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் வரும் என்று இப்போது எனக்கே அவன்தான் சொல்கிறான். பேப்பர் சுத்தமாக, நாலு வாரிசும் கையெழுத்துப் போடத் தயாராக ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. அவனுக்குப் பிடித்தும் இருக்கிறது. இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வரும் கார்த்திகையில் விடாமல் மழை பெய்கிற ஒரு நாளாகப் பார்த்து, ஆளுக்கொரு குடையோடு அந்த வாசலில் போய் நிற்கலாம் என்றிருக்கிறோம்.