எல்லா போட்டோவிலும் அப்பா மிஸ்ஸிங்! சிதம்பரம், கடலூருக்கு ஒரு 'போட்டோகிராபர் ஆப்' வடிவமைத்தால்..?

உங்கள் வீட்டுச் சுற்றுலா போட்டோக்களைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். அம்மா இருப்பார், தங்கை இருப்பாள், பாட்டிகூட கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பார். ஒருவர் மட்டும் இருக்க மாட்டார். போனைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்னவர். பெரும்பாலும் அப்பா. அவரும் வந்திருந்தார் என்பதற்கு ஒரே சாட்சி, ஓரத்தில் விழுந்த நிழல்.

செல்ஃபி இருக்கிறதே என்பீர்கள். பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் குடும்பத்தோடு உட்கார்ந்து செல்ஃபி எடுத்தவர்களுக்குத் தெரியும். முகங்கள் வரும், காடு வராது.

கனடாவைச் சேர்ந்த நிக்கோல் ஸ்மித்துக்கு 2011-ல் இதே யோசனைதான் வந்தது. தோழியைச் சந்திக்க பாரிஸ் போனவர், அங்கேயே வசித்த இன்னொரு தோழியை அழைத்து எங்களை போட்டோ எடு என்றார். ஊர் திரும்பிய பிறகு அந்தப் படங்கள்தான் மனதில் நின்றன. 2013-ல் அது 'ஃபிளைட்டோகிராபர்' என்ற நிறுவனமானது. பயணிக்கும் உள்ளூர் போட்டோகிராபருக்கும் நடுவே பாலம் போடுவதுதான் அதன் வேலை. பிறகு இந்தோனேசியாவிலிருந்து 'ஸ்வீட் எஸ்கேப்' வந்தது. வீடு வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பியும் 2025 மே மாதம் சமையல், மசாஜ் சேவைகளோடு போட்டோகிராபரையும் தன் ஆப்பில் சேர்த்துக்கொண்டது.

சரி, அதே ஆப்பை அப்படியே நம் ஊருக்கு இறக்கினால் ஓடுமா? ஓடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் சிக்கல் சூரியனிடமிருந்தே தொடங்குகிறது. இந்த மாதிரி ஆப்களில் அதிகம் விற்கும் சரக்கு, 'கடற்கரையில் சூரிய அஸ்தமனம்.' கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் சில்வர் பீச்சில் சூரியன் கடலில் மறையாது, கடலிலிருந்து எழும். மாலை ஐந்தரைக்கு புக் செய்துவிட்டு வரும் குடும்பம், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் அஸ்தமனத்தைப் பார்க்க முடியும். காலை ஆறு மணிக்கு வரச் சொல்ல வேண்டும் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். ஆப்புக்கும் தெரிய வேண்டும்.

அதனால் முதல் திரையில் போட்டோகிராபர்களின் முகங்களை அடுக்கக் கூடாது. முதலில் இடம், அடுத்து நேரம், அதன் பிறகுதான் ஆள். பிச்சாவரத்தைத் தொட்டால், எந்த நேரத்தில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். மோட்டார் படகு அகலமான கால்வாய்களோடு நின்றுவிடும், மரங்கள் கூரைபோல வளைந்து நிற்கும் குறுகிய கால்வாய்க்குள் துடுப்புப் படகுதான் போகும் என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இந்த அலையாத்திக் காட்டில் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெளியூர் போட்டோகிராபர், "அந்தக் கிளையைப் பிடிச்சு வளைங்க, போஸ் நல்லாருக்கும்" என்பார். உள்ளூர்க்காரர் கையைத் தட்டிவிடுவார். (1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'யின் சில காட்சிகள் இங்கேதான் படமாக்கப்பட்டன என்று கூடுதலாக ஒரு கதையும் சொல்வார். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.)

உள்ளே கூடாது... வீதியில் எடுக்கலாம்!

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்கு வருபவர்களில் பலர், சந்நிதியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள முடியாதா என்று ஏங்குவார்கள். முடியாது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. இது தெரியாமல் ஒரு ஆப் 'கோயில் போட்டோஷூட்' என்று விற்றால், வாசலில் சண்டை வரும். திட்டு வாங்குவது சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும் ஆப் நிறுவனம் இல்லை, கேமராவோடு நிற்கும் நம் ஊர்க்காரர்.

ஆனால், சிதம்பரத்தில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே படமெடுக்க முடியாத அதே நடராஜர், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் தானே தேரேறி வெளியே வருகிறார். வருடத்தில் இரண்டு முறை, நான்கு வீதிகளும் அவருக்குத்தான். அந்தக் கூட்டத்தில் தன் குடும்பத்தையும் தேரையும் ஒரே சட்டகத்தில் கொண்டுவர, எந்த முனையில் நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் தேவை. சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலிக்கு வரும் நடனக் கலைஞர்களும் அப்படித்தான். முழு அலங்காரத்தோடு கோபுரம் பின்னணியில் தெரிய ஒரு படம் வேண்டாமா அவர்களுக்கு? ஆப்பில் இருக்கும் காலண்டர், ஜனவரி, பிப்ரவரியோடு ஆனியையும் மார்கழியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கே விதி வேறு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் 2018-லேயே படமெடுக்கும் தடையைப் பெருமளவு தளர்த்திவிட்டார்கள். ஆனால், ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் 'இங்கே எது கூடும், எது கூடாது' என்று இரண்டு வரி எழுதிவைத்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

மார்கழியில் சும்மா இருக்கும் கேமராக்கள்

போட்டோகிராபர் பக்கம் வருவோம். இந்தக் கதையின் கனமான பக்கம் இதுதான்.

சிறு நகரங்களில் ஸ்டூடியோக்காரர்களைக் காப்பாற்றிவருவது கல்யாணம்தான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் குடும்பப் படத்தையும் செல்போன் ஏற்கெனவே பங்குபோட்டுக்கொண்டது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிய கேமராவும் லென்ஸும் பீரோவில் இருக்கும். தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். ஆருத்ராவுக்கும் அரையாண்டு விடுமுறைக்கும் வெளியூர்க் குடும்பங்கள் சிதம்பரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் வந்து இறங்குவது எப்போது? அதே மார்கழியில். ஒருவருக்கு வேலை இல்லாத மாதம், இன்னொருவருக்கு ஆள் தேவைப்படும் மாதம். இந்த ஆப்புக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

ஆனால், மார்கழி கடலூர் மாவட்டத்துக்குப் புயல் காலமும்கூட. 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30-ம் தேதி. படகை நிறுத்திவிட்டால் அது பயணியின் தவறும் இல்லை, போட்டோகிராபரின் தவறும் இல்லை. அதனால் 'ரத்து செய்' பட்டனுக்குப் பக்கத்தில் 'வேறு நாள்' பட்டனும், வந்து காத்திருந்தவருக்கு பெட்ரோல் செலவாவது கிடைக்கும் ஏற்பாடும் வேண்டும்.

அடுத்து பணம். ஒரு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆப் 30 சதவிகிதம் கமிஷன் எடுத்தால் 600 போய்விடும். மீதி 1,400-ல் பிச்சாவரம் போய்வரும் பெட்ரோலும், இரவு உட்கார்ந்து எடிட் செய்யும் நேரமும் அடங்க வேண்டும். பெங்களூரில் 2022-ல் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோடு சேர்ந்து தொடங்கிய 'நம்ம யாத்ரி' ஆப் இதற்கு வேறு வழி காட்டியது. சவாரிக்கு இவ்வளவு என்று வெட்டாமல், ஓட்டுநரிடம் நாளுக்கு ஒரு சிறு தொகை வாங்கும் முறை. வேலை இல்லாத மாதத்தில் ஒருவரைக் கைதூக்கிவிட வரும் ஆப், அவர் கூலியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம்பிக்கை பற்றி நிறையப் பேசலாம். ஒரு காலத்தில் சுற்றுலாத் தலங்களில் போட்டோ எடுப்பவர், நம் முகவரியை ஒரு நோட்டில் எழுதி, பணத்தையும் வாங்கிக்கொண்டு, பிரின்ட்டைத் தபாலில் அனுப்புவார். வருமா வராதா என்ற திகிலோடு வீடு திரும்புவோம். தாஜ்மஹாலில் தொல்லியல் துறை உரிமம் பெற்ற போட்டோகிராபர்கள் உண்டு. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவில், குட்டி பிரின்டரைப் பையில் வைத்துக்கொண்டு கையோடு படம் கொடுப்பவர்கள் உண்டு. அடையாள அட்டையும் கையில் வந்துவிடும் படமும்தான் நம்பிக்கைக்கு வழி. ஆப்பிலும் அதேதான்: ரயில் ஏறுவதற்குள் 10 படங்கள், மீதி இரண்டு நாளில், முன்பணம் போக பாக்கித் தொகை படம் வந்த பிறகு. சந்திக்கும் இடம் படகுத்துறை, கீழ வீதி என்று ஆள் நடமாட்டம் உள்ள இடமாக இருக்கட்டும். தனியாக வரும் பெண்ணுக்கு, பெண் போட்டோகிராபரைத் தேர்ந்தெடுக்கும் வசதி முதல் திரையிலேயே இருக்கட்டும். விலையுயர்ந்த கேமராவோடு, முன்பின் தெரியாதவர்களுடன் போகிறவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலையைத் தொடங்க, ஓலா, ஊபரில் சொல்வதுபோல நான்கு இலக்க எண் போதும். அலையாத்திக் காட்டுக்குள் சிக்னலை நம்பி எந்த பட்டனையும் வைக்க வேண்டாம்.

கடைசியாக, அந்தப் படம் யாருடையது? 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற இடத்தில்தான் ஆப்பின் நீளமான விதிமுறைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்துவோம். நம் வீட்டுக் குழந்தையின் படம் யாரோ ஒருவரின் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் வரும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. 'இந்தப் படங்களை போட்டோகிராபர் வெளியிடலாமா?' என்று தமிழில் ஒரே ஒரு கேள்வி, தனியாக, பெரிய எழுத்தில் கேட்டால் போதும்.

இப்படி ஒரு ஆப் உங்கள் கைக்கு வரும்வரை ஒன்று செய்யலாம். அடுத்த முறை சிதம்பரம் போகும்போது, முதல் நாள் மாலையே வீதியில் இருக்கும் ஒரு ஸ்டூடியோவில் ஏறிக் கேளுங்கள். எவ்வளவு நேரம், எத்தனை படம், எப்போது தருவார், அவரிடம் இருக்கும் பிரதியை என்ன செய்வார். நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனை அப்பாவிடமிருந்து வாங்கிப் பையில் போட்டுவிட்டு, அவரை நடுவில் நிற்கவையுங்கள்.